மிளகி கிள்ளிய சுவர்

மிளகி என்றொரு குட்டி நண்டு. பிறந்ததும் தூசியைப் போலக் கடலில் மிதந்தாள். மிளகளவு வளர்ந்ததும் மணல்தரையில் இறங்கினாள். இறங்கியதுதான் தாமதம், கிளாத்தி மீன் வாயைப் பிளந்துகொண்டு துரத்தியது!

அங்கே மொத்தையன் என்ற கடல் அட்டை சிவனே என்று படுத்துக் கிடந்தார். அவர் மூச்சு விடுவதே பின்வாசல் வழியாகத்தான். சிரிக்காதீர்கள், அவர் உடம்பு வாகு அப்படி! அந்த வாசல் திறந்த நேரம் பார்த்து மிளகி கத்தினாள்.

“அண்ணே, அண்ணே! உள்ளே வரட்டுமா?”

“வா தங்கச்சி! என் வயித்துல இடத்துக்கா பஞ்சம்?”

உள்ளே பயமே இல்லை. அண்ணன் இழுக்கும் தண்ணீரோடு சாப்பாடும் தானாக வந்தது. மிளகி தின்றாள், தூங்கினாள், மறுபடி தின்றாள். மிளகு சுண்டைக்காய் ஆனது. கூடவே திமிரும் வளர்ந்தது.

ஒருநாள் கடுகன் என்ற ஆண் நண்டு அவளைப் பெண் பார்க்க வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

“பொண்ணு பிடிச்சிருக்கு. ஆனா வீடு ரொம்ப நெருக்கடி!” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிளகிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டைப் பெரிதாக்கியே தீருவது என்று கொடுக்கை நீட்டிச் சுவரைக் கிள்ளினாள்.

“ஆ! வலிக்குது தங்கச்சி!”

“சுவருக்கு என்ன அண்ணே வலி? சும்மா இருங்க!” என்று இன்னும் பலமாகக் கிள்ளினாள்.

மொத்தையன் மிரண்டுபோனார். மிரண்டால் கடல் அட்டைகள் குடலையே வெளியே தள்ளிவிடும். அவரும் தள்ளினார். குடலோடு மிளகியும் மணலில் வந்து விழுந்தாள்!

எதிரே கிளாத்தி! “வாம்மா, நல்லா கொழுத்துட்டே!” என்றது.

சொகுசாக வளர்ந்த மிளகியின் ஓடு இட்லி மாதிரி மெத்தென்று இருந்தது. ஒரே கடியில் கதை முடிந்துவிடும்.

“அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்! அது சுவர் இல்லை, உங்க உடம்பு! கதவைத் திறங்க!”

மொத்தையன் வலியில் சுருண்டு கிடந்தார். திறந்தால் கிளாத்தி தன்னையும் குதறும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வாசலைத் திறந்தார்.

“சீக்கிரம் வந்து தொலை!”

மிளகி உள்ளே பாய்ந்தாள். கிளாத்தியும் விடாமல் வாசலில் மூக்கை நுழைத்தது. அவள் திரும்பினாள். அதன் உதட்டைப் பிடித்தாள். போட்டாள் ஒரு கிள்ளு!

“ஐயோ அம்மா!” என்று அலறிக்கொண்டு கிளாத்தி ஓட்டம் பிடித்தது.

“இப்பத்தான் கிள்ள வேண்டிய இடத்துல கிள்ளியிருக்கே!” என்று மொத்தையன் வலியோடு சிரித்தார்.

அவருக்குக் குடல் மறுபடி வளரும்வரை மிளகி கொடுக்கை மடக்கிக்கொண்டு, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு ஒரு மூலையில் கிடந்தாள். கடுகன் திரும்பி வந்து எட்டிப் பார்த்தான்.

“வீடு அதே வீடுதான். இஷ்டம்னா உள்ளே வா, இல்லைன்னா வந்த வழியே போ!” என்றாள் மிளகி.

கடுகனும் கொடுக்கை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கல்யாணம் நடந்தது.

கொஞ்ச நாளில் நூறு நூறாகக் குஞ்சுகள் பின்வாசல் வழியாகக் கடலுக்குக் கிளம்பின.

“ஏய், கூச்சமா இருக்கு! மெதுவா போங்கடா மருமக்களா!” என்று மொத்தையன் நெளிந்து நெளிந்து சிரித்தார். உள்ளே மிளகியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

நமக்கு இடம் கொடுத்தவருக்கும் வலிக்கும் என்று நினைத்து நடந்தால்தான் அந்த இடம் நமக்கு நிலைக்கும்.