பாறையை விட்டு இறங்காத செந்நாய்

ஒரு காட்டில் ஆற்றுத்துறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு முதலையும் இருந்தது. அதனால் மான்கள் தண்ணீர் குடிக்க வரும்போது கரையிலிருந்த பாறைமேல் நின்று காவல் காப்பது ஒரு செந்நாயின் வேலை. முதலையின் முதுகு தெரிந்தால் ஊளையிடும்; மான்கள் ஓடிவிடும்.

காவல் படைக்குத் தலைவர் கரடி. குன்றின்மேல் நாவல் மர நிழலை விட்டு அவர் இறங்கியதே இல்லை.

ஒரு நாள் காலையிலேயே காகம் பறந்து வந்தது. "தலைவர் உன்னைக் கூப்பிடுகிறார்!"

செந்நாய் மூச்சிரைக்கக் குன்றேறியது.

"துறையில் எல்லாம் ஒழுங்கா?" என்றார் கரடி.

"நான் அங்கே நின்றால் ஒழுங்குதான், ஐயா."

"வாலை நிமிர்த்திப் பதில் சொல்!"

வாலை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தது. பாறையில் கால் வைப்பதற்குள் மறுபடி காகம்! உச்சிப்பொழுதில் மூன்றாவது முறை. "இது என்னடா தலைவலி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது செந்நாய்.

அந்த நேரத்தில் ஒரு மான்குட்டியை முதலை இழுத்துப் போய்விட்டது.

கரடி கொதித்தார். "காவல்காரன் எங்கே போனான்?"

"உங்கள் முன்னால் வாலை நிமிர்த்தி நின்றேன், ஐயா."

"எதிர்த்தா பேசுகிறாய்? நாளை முதல் ஐந்து முறை வந்து சொல்ல வேண்டும்!"

தாய்மானின் அழுகை செந்நாயின் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் காகம் வந்ததும், "நான் வர மாட்டேன். செய்தி வேண்டுமானால் தலைவரை இங்கே வரச் சொல்" என்றது.

கரடி உறுமிக்கொண்டு இறங்கி வந்தார். வெயிலில் நடந்த களைப்பு. நேரே தண்ணீரில் கால் வைத்தார்.

"ஐயா, அங்கே இறங்காதீர்கள்!"

"முதலில் பாறையை விட்டு இறங்கி எனக்கு வணக்கம் சொல்!"

செந்நாய் அசையவில்லை. நீரில் ஒரு முதுகு தெரிந்தது. உடனே தொண்டை கிழிய ஊளையிட்டது. கரடி கரைக்குத் தாவினார். முதலையின் வாயில் அகப்பட்டது ஒரு கொத்து மயிர்தான்.

கரடி பாறையடிக்கு வந்து செந்நாயை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நீ இறங்கியிருந்தால்..." என்றார்.

அதன்பின் தினமும் காலையில் கரடியே துறைக்கு வந்து, "என்ன செய்தி?" என்று கேட்பார். செந்நாய் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமலே பதில் சொல்லும். அதை அவர் குற்றமாக நினைத்ததே இல்லை.

நீதி: காவல் நிற்பவனைத் தன்னிடம் வரவழைப்பவன் அல்ல, அவன் நிற்கும் இடத்துக்குத் தானே போய்ப் பார்ப்பவனே நல்ல தலைவன்.