மெர்சியின் வரி

"பதினேழு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டேன்மா. ஓட மாட்டேங்குது," என்றார் தேவசகாயம்.

அவர் கடல் நீரோட்டங்களை ஆராய்பவர். வயது ஐம்பத்தெட்டு. எதிரே உட்கார்ந்திருந்த நஸ்ரினுக்கு முப்பது. ஆராய்ச்சி நிலையத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அவள் மேசை முன்னால் கைகட்டி நிற்பார்கள். நிற்கட்டும், நல்லதுதான்.

"அப்படி என்ன அவசரம் சார்?"

"மெர்சி பாதியில விட்டுட்டுப் போன கணக்கு. புது மென்பொருள் இருந்தாத்தான் முடியும். அடுத்த வருஷம் நான் ரிட்டயர்டு. அப்புறம் யாரு முடிப்பா?"

மெர்சி அவர் மனைவி. இதே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவள். போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

பிழைச் செய்தியை அச்சடித்து அவர் நீட்டிய தாளை நஸ்ரின் தொடவே இல்லை.

"லாகின் பண்ணுங்க, பார்ப்போம்."

பண்ணினார். திரையில் ஒரு வரி வந்தது.

வந்தாச்சா? கணக்கு ஓடுதா?

"யாரு சார் இது?"

"மெர்சி எழுதி வச்சது. அவ ஃபோல்டரைத் திறந்தா இப்படித்தான் கேக்கும். நான் லாகின் பண்ணினதும் அது தானா திறக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கேன்."

"எப்போ செஞ்சீங்க?"

"அடக்கம் முடிஞ்ச மறுநாள்."

நஸ்ரின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்த அறையில் ஏசி மனிதர்களுக்காகப் போடப்பட்டதல்ல.

"அந்த ஃபோல்டர்ல இருக்கிறது எல்லாம் பழைய ஃபைல் சார். புது மென்பொருள் எதைத் தேடினாலும் முதல்ல அதுதான் கையில மாட்டுது. அதான் நின்னுடுது."

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான் பதினேழு தடவையா?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"நீயே அழிச்சிரு. எனக்குக் கை வரல."

"நான் எதுக்கு அழிக்கணும்?"

மெர்சியின் ஃபோல்டரை மற்ற மென்பொருள்கள் இருக்கும் இடத்துக்கு நகர்த்தினாள். அதற்கு 'மெர்சி' என்றே பெயர் வைத்தாள். பிறகு, அதைத் தானாகத் திறக்கும் கட்டளையை மட்டும் எடுத்தாள்.

"இங்க நூத்துக்கணக்குல மென்பொருள் இருக்கு சார். எதுவும் தானா வந்து நிக்காது. பேரைச் சொன்னாத்தான் வரும். இப்ப மறுபடி லாகின் பண்ணுங்க."

திரை ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வெறுமையை அவர் பார்த்தபடி இருந்ததைப் பார்க்க நஸ்ரினுக்கே பாவமாக இருந்தது.

பதினெட்டாவது தடவை இன்ஸ்டால் செய்தார். ஓடியது. மெர்சி விட்ட இடத்திலிருந்து கணக்கு நகரத் தொடங்கியது.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அவ இனி கேக்கவே மாட்டாளா?"

நஸ்ரின் பக்கத்தில் இன்னொரு விண்டோவைத் திறந்தாள். கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"கூப்பிடுங்க."

ஒற்றை விரலால் மெர்சியின் பெயரை அடித்தார்.

வந்தாச்சா? கணக்கு ஓடுதா?

"ஓடுது மெர்சி," என்றார்.