மூணாவது தார்

“என்ர பெட்டியில என்ன குறை, அம்மிணி?”

திருமூர்த்தி மாஸ்டர் கேட்டுவிட்டார். கேட்கும்போதே காதுமடல் சிவந்துவிட்டது.

சிவக்காதா பின்னே? முப்பத்தைந்து வருஷமாகத் தறி ரிப்பேர் பார்க்கிறவர். பல்லடம் பக்கம் எந்தக் குடோனில் தறி மக்கர் பண்ணினாலும் வண்டி அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கேட்பார்கள், அவர் சொல்லுவார். அதுதான் நடைமுறை.

இன்றைக்கு அவர் கேட்கிறார். அதுவும் யாரிடம்? இருபது வயசு இளைய ஒரு தறிக்காரியிடம்.

தெய்வானை குடோனுக்குப் பின்னால் குழாயடியில் நின்றிருந்தாள். வாய் நிறையத் தண்ணீர். இருங்க என்று கையை மட்டும் காட்டினாள்.

கொப்பளித்தாள். துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். மறுபடியும் துப்பினாள்.

மாஸ்டர் காத்திருந்தார். அவரை இப்படி நிற்கவைக்க அந்த வட்டாரத்தில் ஒரு முதலாளிக்குக்கூடத் தைரியம் வந்ததில்லை.

“குறை ஒண்ணுமில்லீங்களே, மாஸ்டர்,” என்றாள் கடைசியில். முகத்தை முந்தானையில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெட்டி என்றால் துணிமணி வைக்கிற பெட்டி இல்லை. தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கிற மரக்கட்டைக்கு நாடா என்று பேர். அது வந்து உட்காருவதற்கு இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பெட்டி. வேகத்தைக் கூட்டினால் நாடா பெட்டியில் மோதித் துள்ளும். துள்ளினால் தறி நின்றுபோகும். சில நாளைக்கு எகிறி வெளியே பறந்து யார் முகத்தையாவது பதம் பார்த்துவிடும்.

அந்தத் துள்ளலை அடக்க மாஸ்டருக்குப் பதினோரு வருஷம் பிடித்தது.

தோல்பட்டையை மாற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார். சாய்வை மாற்றினார். மகள் கல்யாணத்தன்றைக்குக்கூட, தாலி கட்டுகிற நேரத்தில், பட்டுச் சட்டைப் பையில் ஒரு ஸ்பிரிங்கை உருட்டிக்கொண்டிருந்தார். சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் வழிக்கு வந்தது. நிமிஷத்துக்கு நூற்றிருபது தடவை ஓடிய நாடா நூற்றெண்பது தடவை ஓடியது. துள்ளவில்லை, எகிறவில்லை. சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

தறி முதலாளிகள் சங்கத்தில் மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘திருமூர்த்தி பெட்டி’ என்று பேரும் வைத்தார்கள். முதல் வேலையாகச் சென்னியப்பன் முதலாளியின் குடோனில் எல்லாத் தறிக்கும் அதை மாட்டினார்கள்.

மூணே வாரம்தான்.

முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, தறி ஓட்டுகிறவர்களே மோட்டாரின் புல்லியை மாற்றி, அத்தனை தறியையும் பழைய வேகத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள்.

ஏன் என்று முதலாளி கேட்டார். மாஸ்டரும் கேட்டார். தறி ஓட்டுகிற பதினேழு பேரில் பதினாறு பேர் தரையைப் பார்த்தார்கள்.

“சும்மாதானுங்க,” என்றான் ஒருவன்.

தெய்வானை மட்டும் தரையைப் பார்க்கவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். அதனால்தான் அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். “வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டமுங்க. ஊர்த் தறிக்கெல்லாம் உங்க பெட்டியை மாட்டறதா, வேண்டாமான்னு அன்னைக்கு முடிவாயிரும். அதுல குறை இருக்குதா, இல்லீயான்னு வியாழக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிப்போடுங்க. இல்லீன்னா நான் கையைத் தூக்க மாட்டேன்.”

அன்றைக்குப் புதன்கிழமை. பதினோரு வருஷத்துக்கு மிச்சம் இருந்தது ஒரு நாள்.

மாஸ்டர் அவள் பின்னாலேயே குடோனுக்குள் போனார். உள்ளே இரைச்சல் காதைப் பிளந்தது. கத்தித்தான் பேச வேண்டும்.

“குறை இல்லீன்னா எதுக்கு வேகத்தைக் குறைச்சீங்க? மீட்டருக்கு இவ்வளவுன்னுதானே கூலி? வேகம் கூடினா கூலியும் கூடுமே?”

“கூடுமுங்க. அதனாலதான் மூணு வாரம் ஓட்டினோம்.”

“அப்புறம் என்ன வந்தது?”

“நீங்க ஓட்டிப் பாத்தீங்களா, மாஸ்டர்?”

“ஓட்டாம இருப்பனா? அரை மணி நேரம். கையில வாட்சை வச்சுக்கிட்டு. துள்ளி ஒரு தடவை நிக்கல.”

“அரை மணி நேரத்துல தார் தீர்ந்திருக்குமே. யாரு மாத்தினாங்க?”

நாடாவின் வயிற்றுக்குள் இருக்கிற நூல் குச்சிக்குத்தான் தார் என்று பேர். தீரத் தீர வேறு மாற்ற வேண்டும்.

“ஓட்டறவங்கதான் மாத்தினாங்க.”

“யாருன்னு கேட்டனுங்க.”

மாஸ்டர் யோசித்தார். யாரோ ஒரு பொம்பளை. சேலை சிவப்போ, பச்சையோ. நாடா எப்படிப் போய் உட்கார்ந்தது என்பது அணு அணுவாக ஞாபகம் இருந்தது. அந்த முகம் மட்டும் வரவில்லை.

“தெரியலை, அம்மிணி.”

“நான்தானுங்க,” என்றாள் தெய்வானை.

அந்த இரைச்சலில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. மாஸ்டருக்குக் கேட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நின்றுபோன தறியை ஓடவிட்டுவிட்டுத் திரும்பினாள்.

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க. ஒரு ஷிப்டு ஓட்டுங்க. புது வேகத்துல.”

“நானா?”

“நான் நாலு தறி ஓட்டறேன். அதுல ரெண்டு போதும் உங்களுக்கு.”

“நான் மாஸ்டர், அம்மிணி.”

“தெரியுமுங்க,” என்றாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு மாஸ்டர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சலவைத் துண்டு.

“மாஸ்டர் வேலைக்குச் சேந்துட்டாராட்டமிருக்குது!” என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மாஸ்டர் காதில் விழாத மாதிரி வேட்டியை மடித்துக் கட்டினார். ரெண்டு தறிதானே, கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டார்.

ரெண்டிலும் புல்லியை மாற்றிப் புது வேகத்துக்கு வைத்திருந்தார்கள். தறி ஓடியது. பெட்டி அழகாக வேலை செய்தது. பேரப்பிள்ளை தத்தித் தத்தி நடக்கிறதைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு நிமிஷத்தில் தார் தீர்ந்தது. தறி நின்றது. பழைய வேகத்தில் ஆறு நிமிஷம் தாங்கும்.

வெறும் தாரை எடுத்துப் போட்டார். நூல் தாரை மாட்டினார். இனி நூல் நுனியை நாடாவின் பக்கத்தில் இருக்கிற பொடித்துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரலால் தள்ளினார். வரவில்லை. முறுக்கி நுழைத்தார். வரவில்லை. அதற்குள் ரெண்டாவது தறியும் நின்றுவிட்டது.

“வாய் வச்சு உறிஞ்சுங்க, மாஸ்டர்!” என்று அந்தக் கோடியிலிருந்து தெய்வானை கத்தினாள்.

தெரியாததா? எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். துளையில் வாயை வைத்து ஒரே இழுப்பு, நூல் நாக்குக்கு வந்துவிடும். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார்.

நாடாவைத் தூக்கி வாயருகே கொண்டுபோனார். துளையைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம். எண்ணெய், பஞ்சு, காய்ந்த எச்சில்.

கை தானாகத் துண்டை எடுத்தது. அழுத்தித் துடைத்தது. திருப்பிப் பிடித்து இன்னொரு தடவையும் துடைத்தது.

நிமிர்ந்தார். தெய்வானை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கோபப்படவில்லை. பக்கத்தில் வந்தாள்.

“நல்லாவே துடைங்க,” என்றாள். “ராத்திரி ஷிப்டுல பழனியப்பன் ஓட்டுனது. அவருக்கு டி.பி.ங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருக்காரு.”

“பகல்ல?”

“பகல்ல நான்.”

மாஸ்டருக்கு நாடாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. தோன்றியதே, அதுதான் அவரைக் கொன்றது. தினமும் அதே துளையில் வாய் வைக்கிறவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எச்சிலைத்தான் இப்போது துடைத்தார், அவள் கண் முன்னாலேயே.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தார். ரெண்டு தறியும் நின்றுகொண்டிருந்தன. அவளிடம் மிச்சமிருந்த ரெண்டில் ஒன்றும் நின்றது. அவள் ஓடினாள்.

கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார்.

நூல் வந்தது. கூடவே பஞ்சும் எண்ணெயும் வந்தன. தொண்டை கமறியது. துப்ப இடம் தேடுவதற்குள் பக்கத்துத் தறி கூப்பிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? இதை ஓடவிட்டால் அது நின்றது. அதை ஓடவிட்டால் இது நின்றது. வாங்கி வைத்த டீ, மேலே பஞ்சு படிந்து அப்படியே ஆறிப்போனது. பெட்டி ஒரு தடவைகூடத் தப்புப் பண்ணவில்லை. நாடா துள்ளவில்லை, எகிறவில்லை. அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு சீக்கிரமாக, தாரைத் தீர்த்துத் தீர்த்து அவர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தது.

ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. மாஸ்டரின் உதடு மரத்துக் கிடந்தது. வெள்ளைச் சட்டையை யாருடையது என்று கேட்டால் தன்னுடையது என்று சொல்லியிருக்க மாட்டார்.

தெய்வானை வந்தாள்.

“எத்தனை தார் மாத்தினீங்க?”

“எண்ணலை.”

“துண்டு எங்கீங்க?”

மாஸ்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். துண்டு தறிக்கு அடியில், எண்ணெயில் கிடந்தது.

“எத்தனாவது தாருக்குத் துடைக்கறதை விட்டீங்க?”

அது அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தாவது என்று சொல்லலாம். இருபதாவது என்றுகூடச் சொல்லலாம், யார் பார்த்தார்கள்?

“மூணாவது,” என்றார். “நேரமில்லீங்க, அம்மிணி.”

“பழைய வேகத்துல வாய் கொப்பளிக்கவாச்சும் நேரம் கிடைக்குதுங்க,” என்றாள். துண்டைக் குனிந்து எடுத்து உதறி, தறி மேல் போட்டாள்.

“இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?” என்றார் மாஸ்டர்.

“சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”



அட, இவ்வளவுதானா என்று சொல்லியிருப்பார். சத்தியமாக அதைத்தான் சொல்லியிருப்பார். முதலாளியும் அதையேதான் சொல்லுவார். சொல்லிவிட்டு, மாத்திரை சாப்பிடுகிற ஆள் யார் என்று விசாரிப்பார். விசாரித்து, நாளையிலிருந்து அவனை வர வேண்டாம் என்பார்.

“பழனியப்பனுக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைங்க,” என்றாள் தெய்வானை.

வாசலில் முதலாளியின் வண்டி வந்து நின்றது.

“என்னங்க மாஸ்டர், நீங்களே தறி ஓட்டறீங்களாமா? ஊரே சிரிக்குதுங்க!” என்று சொல்லிக்கொண்டே சென்னியப்பன் உள்ளே வந்தார். “சரி, குறை கிடைச்சுதா?”

ஷிப்டு மாறுகிற நேரம். போகிறவர்களும் வருகிறவர்களும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பெட்டியில் குறை இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை. ஊர்த் தறிகளிலெல்லாம் திருமூர்த்தி பெட்டி ஏறிவிடும். அவர் போன பிறகும் அந்தப் பேர் நிற்கும். அந்த ஆசை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“பெட்டியிலதானுங்க குறை,” என்றார் மாஸ்டர்.

“என்ன குறை?”

“பழைய வேகத்துக்கு மேல போனா நாடா எகிறுதுங்க. யார் கண்ணையாவது எடுத்துப்போடும். நான்தான் சரியாப் பாக்கல. வேகத்தைக் கூட்ட வேண்டாமுங்க, இங்கேயும் வேண்டாம், எங்கேயும் வேண்டாம்.”

தறியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது. தெய்வானைக்குத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

முதலாளியின் சிரிப்பு நின்றுபோனது.

“பழைய வேகத்துக்கு எதுக்குய்யா உன்ர பெட்டி? கழட்டி எடுத்துக்கிட்டுப் போ.”

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும் ‘ங்க’ போட்டுப் பேசியவர்.

“சங்கத்துல உனக்குப் பொன்னாடை போத்தினது நானு. நாளைக்கு என்ர மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? பதினோரு வருஷம்! பதினோரு வருஷமா தறி முன்னால நின்னு அப்பிடி என்னதான்யா பண்ணிக்கிட்டிருந்தே?”

திருமூர்த்தி கையில் இன்னும் நாடா இருந்தது. அதை மெதுவாகத் தறியில் வைத்தார்.

“வேடிக்கை பாத்துக்கிட்டிருந்தனுங்க,” என்றார்.