கரடிக்கு ஏன் முன்பல் இரண்டு இல்லை

காட்டில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கரடிக்கு வாய் நிறையப் பல் இருந்தது. மேல்வரிசையில் முன்னால் இருந்த இரண்டும் மற்றவற்றைவிடப் பெரியவை, உளி மாதிரி. மரப்பட்டையை உரிக்க அந்த இரண்டு பல், புற்றை உடைக்க அந்த இரண்டு பல், தேனடையைப் பிய்க்கவும் அவைதான். குட்டியைத் தூக்குவதும் அவற்றால்தான். பிடரித் தோலை லேசாகக் கவ்வித் தூக்கிவிடும், குட்டிக்கு வலிக்காது. நாயும் பூனையும் புலியும் இன்றைக்கும் அப்படித்தான் தூக்குகின்றன. கரடி மட்டும் தூக்குவதில்லை. ஏன் என்பதுதான் கதை. இது நல்லபடியாக முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மலையில் மார்கழி பிறந்தால் குளிர் எலும்பில் ஏறும். விடிகாலையில் ஓடைத் தண்ணீரை வாயில் வைத்தால் பல்லெல்லாம் கூசி, மண்டைக்குள் ஊசி இறங்குகிற மாதிரி இருக்கும். அதனால் குளிர்காலத்தில் எல்லோரும் வாய் கழுவாமல் ஏய்ப்பார்கள். பல் கெடுவதும் குளிர்காலத்தில்தான். இது தெரிந்துதான் காட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மார்கழி முதல் நாளிலிருந்து தை முடியும்வரை, பொழுது விடிந்ததும் அக்கம்பக்கத்தார் ஜோடியாக ஓடைக்கு வரவேண்டும். வேலங்குச்சியை மென்று பல் தேய்க்க வேண்டும். மூன்று வாய்த் தண்ணீர் கொப்பளிக்க வேண்டும். பிறகு ஒருவர் வாயை ஒருவர் பார்க்க வேண்டும். தன் பல்லைத் தானே பார்க்க முடியாது என்பதால்தான் ஜோடி. நன்றாக இருந்தால் பார்த்தவர் கரையில் நின்று "சுத்தம்" என்று சத்தமாகச் சொல்வார். ஓட்டை இருந்தால் மரங்கொத்தியைக் கூப்பிடுவார்கள். அது வந்து கெட்ட இடத்தைக் கொத்தி எடுத்துவிடும். மூன்று நாள் வாய் வீங்கிக் கிடக்கும், உயிர் போகிற வலி வலிக்கும். ஆனால் பல் தப்பிவிடும்.

அந்த மலையில் காராயி என்று ஒரு கரடி இருந்தாள். அந்த வருஷம் அவளுக்கு இரண்டு குட்டி. மூத்தவன் ஆண், அவனைப் பெரியவன் என்பாள். இளையது பெண், சின்னவள். புருஷன் போன திசை தெரியாது. ஓடைக்கு மேலே ஒரு பாறைக்குகையில் அவள் தனியாகத்தான் குட்டிகளை வைத்துக்கொண்டு இருந்தாள்.

பால் கொடுக்கிற உடம்புக்குப் பசி அதிகம். வெளியே போய்ப் புற்றுத் தோண்டக் குளிர் விடவில்லை. ஐப்பசியிலேயே பிய்த்துக் கொண்டுவந்து வைத்திருந்த தேனடைகள் குகைக்குள் இருந்தன. படுத்த வாக்கிலேயே அதைத் தின்பாள். ஒரு குட்டி பால் குடித்து முடிப்பதற்குள் இன்னொன்று கத்தும். வாயில் தேனோடு அப்படியே தூங்கிப்போவாள். அவளைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு அசதி, அவ்வளவுதான். ஆனால் பல்லுக்கு அசதியும் தெரியாது, காரணமும் தெரியாது.

மார்கழி ஐந்தாம் நாள் முன்பல் இரண்டும் சேரும் இடத்தில் வலி வந்தது. நாக்கால் தடவினாள். ஓட்டை.

அப்போதுதான் காராயிக்கு அந்த யோசனை வந்தது. தேனடையிலிருந்து மெழுகை மென்று பதமாக்கி, நாக்காலேயே ஓட்டைக்குள் தள்ளி அடைத்தாள். வலி நின்றுவிட்டது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் கூசவில்லை. பார்த்தால் பல் மாதிரியே இருந்தது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம். மெழுகுக்கு அடியில் தேன் மாட்டிக்கொண்டு இருந்தது. அது உள்ளே புளித்துப் பல்லை அரித்துக்கொண்டே போனது. வலிக்காததால் அவள் அதை மறந்தும் போனாள்.

ஓடைக்கரையில் காராயிக்கு ஜோடி, பக்கத்துப் பொந்தில் இருந்த ஈட்டியன் என்கிற முள்ளம்பன்றி. முறைக்கு அவளை மதினி என்பான்.

"மதினி, இன்னைக்காவது ஒழுங்கா வாயத் தொறங்க. நேத்து நான் பாக்குறதுக்குள்ள மூடிட்டீங்க."

"தொறந்தா மட்டும் உமக்கு என்னய்யா தெரியப்போவுது கொழுந்தனாரே? கண்ணை மறைச்சிக்கிட்டு முள்ளு நிக்குது."

"பரவால்ல, தொறங்க."

திறந்தாள். ஈட்டியன் எட்டிப் பார்த்தான். மூக்கைச் சுளித்தான்.

"பல்லு நல்லாத்தான் தெரியுது. ஆனா வாசம் ஒரு மாதிரி இருக்கே மதினி. புளிச்ச வாசம்."

"ஆமா, நீரு கிழங்கைத் தின்னுட்டு விடுற ஏப்பம் மட்டும் மல்லியப்பூ மணக்குதோ?"

மரத்தின் மேலிருந்த மந்திகள் கெக்கெக்கே என்று சிரித்தன. ஈட்டியனுக்கு முகம் சுண்டிப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கோவப்படாதீங்க. மரங்கொத்தியை ஒரு எட்டு வந்து பாக்கச் சொல்லட்டா?"

"கொத்திட்டுப் போயிரும். மூணு நாள் வாய் வீங்கி நான் கெடந்தா குட்டிங்களை யாரு பாப்பா? நீரு பாப்பீரா? முள்ளுல படுக்கப் போட்டுத் தாலாட்டுவீரா?"

மந்திகள் மறுபடியும் சிரித்தன.

"தை முடியட்டும். குட்டிங்க வெளிய தனியா நடமாட ஆரம்பிச்சதும் நானே கூப்பிடுறேன். இப்ப சொல்லித் தொலையும், கால் வெறைக்குது."

ஈட்டியன் மந்திகளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பி, "சுத்தம்" என்றான். அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னான்.

குகைக்குத் திரும்பினால் சின்னவள் விடமாட்டாள். தாய் படுத்ததும் முதுகில் ஏறி, தோள்முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குவாள்.

"எறங்குடி. கரடிக்குப் பொறந்தியா, மந்திக்குப் பொறந்தியா?"

"இங்கதாம்மா கதகதன்னு இருக்கு. இப்படியே என்னைத் தூக்கிட்டுப் போயேன்."

"கை நழுவுனா மண்டை உடைஞ்சு சாவ. வாயில தூக்குனாத்தான் பத்திரம்."

"நான் கைய விடவே மாட்டேனே!"

காராயி முதுகை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள். சின்னவள் தொப்பென்று விழுந்து, சிரித்து, மறுபடி ஏறினாள். தினமும் இதே கூத்து. பெரியவன் எதிலும் சேரமாட்டான், ஓரமாகப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

மார்கழி கடைசியில், யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் குகைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஓடை பள்ளத்தாக்கு முழுக்கச் செம்மண் நிறத்தில் பாய்ந்தது. அக்கரைக்குப் போக ஒரே வழி, குறுக்கே விழுந்து கிடந்த ஆச்சா மரம். ஈட்டியன் முன்னாலேயே கடந்து போயிருந்தான்.

"மதினி! இந்தப் பக்கம் மேட்டுல காஞ்ச பாறை இருக்கு. சீக்கிரம் வாங்க!"

காராயி பெரியவனை முதலில் கவ்வினாள். மரம் பாசி பிடித்து வழுக்கியது. நகத்தை ஊன்றி ஊன்றிக் கடந்தாள். பாறையில் அவனை இறக்கி வாயை எடுத்தபோது ஏதோ பிடுங்கிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தாள். அவனுடைய பிடரிமுடியில் மெழுகு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

குளிர்காற்று ஓட்டைக்குள் போனது. காராயிக்குக் கண் இருண்டது.

"என்ன மதினி இது? மெழுகா?" ஈட்டியன் மெழுகைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான். "அய்யோ... இதையா நான் சுத்தம்னு சொன்னேன்?"

"அப்புறம் பேசும்." அவள் திரும்பி ஓடினாள்.

குகையில் சின்னவள் வயிறுவரைத் தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்ததும் தாவி முதுகைப் பிடித்தாள்.

"அம்மா, நான் முதுகுல ஏறிக்கறேம்மா."

"கிறுக்குத்தனமா பேசாத. மரம் வழுக்குது. வா இங்க."

இழுத்து இறக்கி, பிடரியைக் கவ்வினாள். பல் பட்டதுமே வலி நெற்றிக்கு ஏறியது. அப்படியே மரத்தின் மேல் நடந்தாள். மழைத்தண்ணீர் மூக்கு வழியே இறங்கி ஓட்டைக்குள் ஓடியது. பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். கால் தடுமாறியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று அவள் வாயைத் திறக்கவில்லை. தாடையை இன்னும் இறுக்கினாள். அவள் விடவே இல்லை.

பல்தான் விட்டது.

காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாய் லேசாகிப்போனது. சின்னவள் கத்தவில்லை, கத்த நேரம் இல்லை. செம்மண் தண்ணீரில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. ஒடிந்த பல் இரண்டும் அவள் பிடரியில் மாட்டியபடியே போய்விட்டன.

மழை விட்ட பிறகு மூன்று நாள் தேடினார்கள். ஓடை பாய்கிற வழியெல்லாம், மலையடிவாரம்வரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை. மரங்கொத்தி வந்து காராயியின் வாயைப் பார்த்தது. "கொத்துறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஈட்டியன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். முள்ளெல்லாம் படிந்து கிடந்தது.

"அன்னைக்கே கத்தியிருக்கணும் மதினி. வாசம் வந்துச்சு. தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

"நீரு கத்தியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

இரண்டு பேருக்கும் இதில் ஆறுதல் இல்லை. யாருக்கும் மன்னிப்பும் கிடைக்கவில்லை. அவன் எழுந்து போனான்.

அங்கே தின்ன ஒன்றும் இல்லை. வேறு காட்டுக்குப் போயாக வேண்டும். காராயி எழுந்து, பழக்கத்தில் வாயைத் திறந்தபடி பெரியவனிடம் குனிந்தாள். அவன் பயந்து பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டான். தன் சொந்தத் தாயின் வாயைப் பார்த்து.

கொஞ்ச நேரம் அவள் வாய் திறந்தபடியே நின்றாள். பிறகு மூடிக்கொண்டாள். திரும்பிக் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏறு."

"அம்மா?"

"முதுகுல ஏறுடா. முடியை நல்லா புடிச்சுக்க."

ஏறினான். தோள்முடியைப் பிடித்துக்கொண்டான். அவள் நடந்தாள். அவன் விழவே இல்லை. ஒரு முறைகூடக் கை நழுவவில்லை. அது அவளுக்கு எதையும்விட அதிகமாக வலித்தது.

"ஏன்டா கழுத்துக்கிட்டப் போய் ஒண்டிக்கிட்டு இருக்க? பின்னால எடம் கெடக்குதே."

"அது பாப்பாவுக்கு."

காராயி நடந்துகொண்டே இருந்தாள்.

அந்த வருஷத்தோடு ஓடைக்கரை வழக்கமும் நின்றுபோனது. "சுத்தம்" என்று யார் சொன்னாலும் யாரும் நம்பவில்லை. குளிர்காலத்தில் இப்போது யாரும் யார் வாயையும் பார்ப்பதில்லை. வலி வந்த பிறகுதான் தெரிகிறது. காராயிக்கு அப்புறம் பிறந்த குட்டிகளுக்கு அந்த இரண்டு பல்லும் முளைக்கவே இல்லை, அவற்றின் குட்டிகளுக்கும் முளைக்கவில்லை. படுத்திருக்கும்போது கரடி முன்கையை வாயில் வைத்துக்கொண்டு முனகும், கேட்டவர்களுக்குத் தெரியும். எதையோ தின்கிறது என்பார்கள். வாயில் ஒன்றும் இருக்காது.

அன்று தொட்டுத்தான் கரடிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. அன்று தொட்டுத்தான் அதன் குட்டி, ஒற்றைக் குட்டியாகவே இருந்தாலும், தாயின் முதுகில் ஏறி, பின்னால் ஓர் ஆள் இடம் விட்டு, தோளோரமாக ஒண்டிக்கொண்டு போகிறது.