வார்டனும் பதினொரு கோழிகளும்

"சாமி, இந்தக் கோழிகளோட என்னால மாரடிக்க முடியலைங்க. ஞானம் தேடி வந்தவனுக்கு இது என்னங்க வேலை?"

கேட்டவர் மாசிலாமணி. வயது அறுபத்தாறு. மாணவர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவர் பாவாத்தா சாமி. மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். மலையடிவாரத்து மடம் அவருடையது. அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு கொட்டாங்குச்சியில் அடக்கிவிடலாம்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன பண்ணுதுங்க?"

"கொத்துதுங்க. ஒண்ணையொண்ணு கொத்தியே தீர்த்துடும் போலிருக்குதுங்க."

"அப்புடீங்களா," என்றார் சாமி. அடுத்த கீரைத்தண்டை எடுத்தார்.

அவை மடத்துக் கோழிகள் அல்ல. பக்கத்துக் கன்னிமார் கோயிலுக்கு ஊரார் நேர்ந்துவிட்டவை. அந்தக் கோயிலில் கோழி அறுக்கிற வழக்கம் இல்லை. உயிரோடு விட்டுவிட்டுப் போவார்கள். விட்டவர்கள் போய்விடுவார்கள், கோழி நிற்கும்.

வெளியே விட்டால் கீரிப்பிள்ளை அடித்தது. கீரிக்குத் தப்பியவை பக்கத்துக் களத்தில் காய்ந்த சோளத்தில் இறங்கின. களத்துக்காரர் வந்து சத்தம் போட்டார். அதன்பிறகுதான் மடத்து மண்டபத்தை ஒட்டிக் கம்பிவலை அடைத்து, பதினொன்றையும் உள்ளே விட்டார்கள்.

தைப்பூசத்தன்று காலையில் சாமி உபதேசம் கொடுப்பார். மனைப்பலகையில் உட்கார வைத்து, குனிந்து, காதில் ஏதோ சொல்வார். அவ்வளவுதான். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்.

மடத்துச் சமையல்காரர் சென்னியப்பன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வந்த முதல் வருஷமே உபதேசம் வாங்கிவிட்டார். மாசிலாமணி வந்து நான்கு வருஷம் ஆகிறது. போன தைப்பூசத்துக்குக் கேட்டபோது சாமி சொன்னது இது:

"கோழிக கொத்தறதை நிறுத்தட்டுங்க. பார்க்கலாம்."

இப்போது மார்கழி பிறந்துவிட்டது. இந்தத் தைப்பூசத்துக்குள் உபதேசம் கிடைக்காவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று மகனிடம் வாக்குக் கொடுத்திருந்தார் மாசிலாமணி. மகனும் கோயம்புத்தூர் வீட்டில் அறையை ஒழித்துக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டார். கட்டிலின் படம்கூட வந்துவிட்டது.

மாசிலாமணி சும்மா இருக்கவில்லை. விடுதியை நடத்தியது போலவே அடைப்பையும் நடத்தினார்.

விடிந்ததும் பெருக்கினார். ஒரு சருகு, ஒரு துரும்பு, ஒரு பூச்சி உள்ளே இருக்க விடமாட்டார். மணி அடித்துத் தீனி வைத்தார். ஆளுக்கொரு கிண்ணம். கிண்ணங்கள் ஒரே வரிசையில். தின்று முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். வெயில் படாமல் ஓலை வேய்ந்தார். நாய் குரைத்தால் ஓடிப்போய் நாயை விரட்டினார்.

அடைப்பில் அப்படி ஓர் அமைதி. மடத்தில்கூட அவ்வளவு அமைதி கிடையாது.

அந்த அமைதியில் கோழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்று எட்டிப் பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கும்.

கருப்புக் கோழிதான் முதலில் ஆரம்பித்தது. அதைத் தனியே பிரித்து ஒரு நாள் முழுக்கக் கூடையில் கவிழ்த்தார். மறுநாள் சிவப்புக் கோழி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

"இதுக்கெல்லாம் ஒரு தலைவன் இருப்பான். ஆஸ்டல்ல பார்த்திருக்கேன்," என்றார் மாசிலாமணி.

"கோழியில தலைவிங்க வார்டனய்யா," என்றார் சென்னியப்பன்.

எல்லாவற்றிடமும் அடி வாங்கியது ஒரு சாம்பல் நிறப் பெட்டை. முதுகில் ஓர் இறகு மிச்சமில்லை. சென்னியப்பன் அதற்குப் பழனிக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்.

"மொட்டை போட்டாச்சு. காது குத்து எப்பங்க?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னிமார் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கி வந்து, வேண்டிக்கொண்டு, பழனிக்காரியின் முதுகில் பட்டையாக இட்டார்.

சிவப்பு நிறத்தைக் கண்டதும் மற்றப் பத்துக் கோழியும் ஓடி வந்தன.

அன்றைக்குப் பழனிக்காரி பிழைத்ததே பெரிது. சாமிதான் தூக்கிப்போய்க் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினார். தடவிக்கொண்டே சொன்னார்:

"நாளைக்குக் குளிச்சுட்டு வாங்க. ஒரு வழி இருக்குது."

மாசிலாமணி குளித்து, நீறு பூசி, புதுத்துண்டு போட்டுக்கொண்டு வந்தார்.

கோழிகளை விறகுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். அடைப்பின் கதவு திறந்திருந்தது.

"உள்ள போங்க," என்றார் சாமி.

போனார். சாமி வெளியே தாழ்ப்பாள் போட்டார்.

"நான் என்னங்க செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. அதுக்குத்தானே வந்தீங்க."

மாசிலாமணிக்குப் பரம சந்தோஷம். ஒரு முழுப் பகல் தியானம். கால் மடக்கி உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

திறந்தார். பொழுது அங்கேயே நின்றது.

மறுபடி மூடினார்.

மணி அடித்தது. கம்பிவலைக்கு அடியில் ஒரு தட்டு நுழைந்தது.

"வார்டனய்யா, சீக்கிரம் தின்னுட்டுத் தட்டைக் கவுத்து வைங்க. வரிசையில இருக்கோணும்."

தின்றார். கவிழ்த்தார். பல்லுக் குத்த ஒரு துரும்பு தேடினார். அவர் பெருக்கிய இடத்தில் துரும்புக்கு எங்கே போவது? கம்பிவலையின் கண்களை எண்ணினார். ஒரு பக்கத்தை இரண்டு தடவை எண்ணியும் கணக்கு ஒத்துவரவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஓர் எறும்பு வந்தது. அதன் பின்னாலேயே முழங்காலால் போனார். எறும்பு வலையைத் தாண்டி வெளியே போய்விட்டது. எறும்பின் மேல் கோபம் வந்தது.

மதியம் மறுபடி மணி. மறுபடி தட்டு.

"ரசத்துல உப்பில்லை," என்றார் மாசிலாமணி.

"போட்டேனுங்களே."

"நேத்தும் இல்லை. முந்தாநாளும் இல்லை. ஸ்டியரிங் பிடிச்ச கையில கரண்டியக் கொடுத்தா இப்படித்தான். உனக்கெல்லாம் முதல் வருஷமே உபதேசம்."

சென்னியப்பன் முகம் சுருங்கிப்போய்த் திரும்பி நடந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் சாமி வந்தார். வலைக்கு வெளியே குந்தினார்.

"துண்டுக்கு என்னங்க ஆச்சு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். மடியில் ஒரு குவியல் நூல் கிடந்தது. புதுத்துண்டின் கரை ஒரு பக்கம் முழுதும் காணோம். எப்போது பிடுங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சாமி அதைப்பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

"மகன் வீட்டுல என்னங்க குறை?"

"ஒரு குறையும் இல்லைங்க சாமி. நாலாவது மாடி. கொசு கிடையாது, தூசி கிடையாது. நேரத்துக்குச் சோறு. ஒரு வேலை செய்ய விடமாட்டாங்க. ஒரு டம்ளர் எடுத்துக் கழுவினாக்கூட மருமக ஓடியாந்து வாங்கிக்கும்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"மருமகளுக்கும் எனக்கும் ஒத்துவரலைங்க."

"என்ன சண்டைங்க?"

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார்.

"குக்கர் விசிலுங்க. பருப்புக்கு மூணோட நிறுத்தோணும். அது நாலு விடும்."

"அவ்வளவுதானுங்களா?"

"தினமும் நாலுங்க சாமி."

சாமி சிரிக்கவில்லை. அடைப்பின் தரையைப் பார்த்தார். மாசிலாமணியும் பார்த்தார். துடைத்துவைத்த தரை. கவிழ்த்துவைத்த கிண்ணங்கள். மேலே ஓலை. நல்ல நிழல்.

பிறகு மாசிலாமணி மடியில் கிடந்த நூலைப் பார்த்தார்.

"சாமி, அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் எடுத்துவிடுங்க," என்றார். "பொழுது விழறதுக்குள்ள சருகு பொறுக்கோணும்."

மறுநாள் அடைப்புக்குள் ஐந்து கூடைப் புளியஞ்சருகும் வேப்பஞ்சருகும் கொட்டினார். தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் சருகின் மேல் விசிறினார். ஒரு மூலையில் குழி வெட்டி அடுப்புச் சாம்பலும் ஆற்றுமணலும் நிரப்பினார். கோணல்மாணலாக இரண்டு கிளைகளைக் குறுக்கே கட்டினார். கோழி எட்டிக் குதித்தால்தான் வாய்க்குக் கிடைக்கிற உயரத்தில் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். பழம்பானையில் வைக்கோலும் சாணியும் அடைத்து, நனைத்து, மண்ணில் கவிழ்த்து வைத்தார். கறையான் பிடித்ததும், கோழிகள் பொறுக்கித் தின்னட்டும் என்று அந்தப் பானையை அடைப்புக்குள் நிமிர்த்தினார்.

சென்னியப்பன் வந்து எட்டிப் பார்த்தார்.

"வார்டனய்யா, ஆஸ்டல் குப்பைமேடாப் போச்சுங்களே."

"போகட்டும். உங்க காய்கறித் தோலையும் இங்கயே கொட்டுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ரசத்துல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியுமுங்க," என்றார் சென்னியப்பன். "மிச்சத்தை நான்தானே குடிச்சேன்."

கொட்டகையிலிருந்து திரும்பிய கோழிகள் முதலில் மிரண்டன. பிறகு கருப்பி ஒரு சருகைத் தள்ளிப் பார்த்தது. அடியில் ஒரு சோளம். இன்னொரு சருகைத் தள்ளியது. அதன்பிறகு அதற்கு யாரையும் கொத்த நேரம் கிடைக்கவில்லை. பொழுதன்னைக்கும் ஒரே சரசரப்பு. சாம்பல் குழியில் புரள இடம் பிடிக்கச் சின்னத் தள்ளுமுள்ளு நடக்கும். அது வேறு கணக்கு. அகத்திக்குக் குதிக்கிற கோழியைப் பார்க்க ஊர்ப்பிள்ளைகள் வலையோரம் கூடினார்கள்.

தை பிறந்தபோது பழனிக்காரியின் முதுகில் முள்முள்ளாய் இறகுக் குருத்து விட்டிருந்தது.

தைப்பூசம் வந்தது.

மகன் விடியும்போதே காரில் வந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவின் பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார்.

சாமி அடைப்பைச் சுற்றி வந்தார். பழனிக்காரியைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தார். இறக்கிவிட்டு மண்டபத்துக்கு வந்தார்.

"உட்காருங்க," என்றார்.

மாசிலாமணி மனையில் உட்கார்ந்தார். நான்கு வருஷம். பால்காவடி கொண்டுவந்திருந்த சனம் பேச்சை நிறுத்தியது. யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

சாமி குனிந்தார்.

மாசிலாமணி தலையைத் திருப்பினார். சாமியின் பக்கம் அல்ல, அடைப்பின் பக்கம்.

"சாமி, ஒரு நிமிசமுங்க."

"என்னங்க?"

"சரசரப்பு நின்னுபோச்சுங்க. காலையில கூட்டத்துல சருகைக் கிளறிவிட மறந்துட்டேன். அகத்தியும் தீர்ந்திருக்கும். சும்மா நிக்குதுங்க."

"வார்டனய்யா," என்று பதறினார் சென்னியப்பன். "பூசம் முடியப்போகுது. எந்திரிச்சா அடுத்த வருசந்தான்."

மாசிலாமணி வாசலைப் பார்த்தார். மகன் நின்றார். கார் நின்றது. அடைப்பைப் பார்த்தார். கருப்பி கழுத்தை நீட்டி, இளங்குருத்து விட்ட அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

முழங்கால் இரண்டும் சொடுக்க எழுந்தார். தூணோரம் இருந்த அகத்திக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். அடைப்புக்குள் போனதும் காலாலேயே சருகை எத்திக் கிளறினார். ஒரு பிடி சோளம் விசிறினார். கருப்பி திரும்பியது. அவர் அண்ணாந்து கீரைக்கட்டைக் கயிற்றில் முடிய ஆரம்பித்தார்.

மண்டபத்தில் சென்னியப்பனின் குரல் கேட்டது.

"நேரம் போச்சுங்களே சாமி. அவரு காதுல என்னதாங்க சொல்ல இருந்தீங்க?"

சாமி மனையை எடுத்துச் சுவரில் சாய்க்கிற சத்தம்.

"எந்திரிச்சுப் போங்கன்னு."

"என்னங்க?"

"சொல்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாரு."

மாசிலாமணி முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வாசலில் மகன் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.