கிளிமூக்குக் குருவியின் முறை

ஆப்பிரிக்காவின் அகன்ற புல்வெளி ஒன்றில் மழை பொய்த்துப் போயிருந்தது. முள்மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சம்.

அடித்துக்கொள்ளாமல் குடிப்பதற்காகப் பறவைகள் ஒரு முறை வைத்திருந்தன. இனம் இனமாகத்தான் இறங்க வேண்டும். விடிந்ததும் தூக்கணாங்குருவிகள், பிறகு குருவிகள், அப்புறம் கிளிகள், நாரைகள். அழுகிய இறைச்சியைத் தின்றுவிட்டு அழுக்கு அலகோடு வரும் பிணந்தின்னிக் கழுகுகள் கடைசி. யார் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்வது மராபூ என்னும் பெரிய நாரை. உயரமாக இருந்ததாலும், ஒற்றைக் காலில் அசையாமல் நின்றதாலும் அதற்கு அந்தப் பதவி கிடைத்திருந்தது.

ஒரு நாள் குருவிகளின் முறை வந்தது. சாம்பல் தலைக் குருவிகளோடு, அவற்றைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குருவியும் இறங்கியது. அதன் அலகு தடிமனாக இருக்கும். மற்றவை உடைக்க முடியாத விதையையும் அது கடித்து உடைத்துவிடும். அதனால் அதைக் "கிளிமூக்கி" என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அன்று அது கேலியைக் கவனிக்கும் நிலையில் இல்லை. கூட்டில் அதன் குஞ்சுகள் தாகத்தில் கத்தக்கூட முடியாமல் கிடந்தன.

"நில்!" என்றது நாரை. "இது குருவி மூக்கா? கிளி மூக்கு. போ, கிளிகளோடு வா."

"நாரையாரே, என் அம்மா குருவி, அப்பா குருவி. நான் கீச்சிடுவது குருவிக் குரலில். மண்ணில் புரண்டு குளிப்பதும் குருவி மாதிரிதான்."

"அதெல்லாம் எதற்கு? இனம் பிரிக்க ஓர் உறுப்பைப் பார்த்தால் போதும். மூக்கைப் பார்த்தேன். முடிந்தது."

சாம்பல் தலைக் குருவி ஒன்று மெல்லக் கிசுகிசுத்தது. "அக்கா, வாயை மூடிக்கொண்டு போய்விடு. நீ பேசப் பேச எங்கள் முறையும் போய்விடும்."

கிளிகளின் முறை வரும்வரை அது காத்திருந்தது. கிளிகள் அதைப் பார்த்துக் கெக்கலித்தன.

"அட, உறவுக்காரியா? எங்கே, காலைக் காட்டு! எங்களுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. உனக்கு முன்னால் மூன்று! ஓடு, ஓடு!"

குருவி மீண்டும் நாரையிடம் வந்தது. "கிளிகள் என்னைச் சேர்க்கவில்லை."

"அப்படியானால் உனக்கு இனமே இல்லை. இனம் இல்லாதவர்க்கு முறையும் இல்லை. வழியை விடு, அடுத்து எங்கள் முறை."

நாரை ஒரு காலைத் தூக்கிக் குட்டைக்குள் வைக்கப் போனது. குருவி பறந்து போய், அந்தக் காலுக்கு நேர் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டது.

"போக மாட்டேன். ஒரு கேள்வி. ஓர் உறுப்பைப் பார்த்தால் போதும் என்றீர்களே, அது எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். சட்டம் என்றால் சட்டம்."

"உங்களுக்கும்?"

"எனக்கும்தான். அதற்கென்ன இப்போது?"

"அப்படியானால் உங்கள் தலையில் ஏன் இறகே இல்லை?"

எல்லாப் பறவைகளும் நாரையின் தலையைப் பார்த்தன. வெயிலில் அது பளபளத்தது. பிறகு வரிசையின் கடைசியில் நின்ற பிணந்தின்னிக் கழுகுகளைப் பார்த்தன. அங்கேயும் மொட்டைத் தலைகள்.

"சித்தப்பா!" என்று சிறகை விரித்தது ஒரு கிழட்டுக் கழுகு. "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்? வாருங்கள், நம் இடம் இங்கே. நேற்று எங்களுக்குச் சேறுதான் மிஞ்சியது. இன்று பார்ப்போம்."

"யாருக்கு யார் சித்தப்பா?" நாரை பதறியது. "என் நீளக் காலைப் பாருங்கள்! என் அலகைப் பாருங்கள்! என் அப்பா நாரை, அம்மா நாரை! ஒரு மொட்டைத் தலையை மட்டும் வைத்துக்கொண்டு..."

"அதைத்தானே காலையிலிருந்து நானும் சொல்கிறேன்" என்றது குருவி.

கிளிகள்கூடச் சிரித்துவிட்டன. தூக்கிய காலை இறக்கவும் முடியாமல், பின்னால் எடுக்கவும் முடியாமல் நாரை நின்றது. "சரி, சரி. உன்னைக் குருவி என்று அறிவிக்கிறேன். குடித்துவிட்டுப் போ."

"நீங்கள் அறிவித்துத்தான் நான் குருவி ஆனேனா? முட்டைக்குள் இருந்தபோதே நான் குருவிதான். தண்ணீர் என் உரிமை, உங்கள் தயவு இல்லை."

சொல்லிவிட்டு அது குட்டையின் நடுவிலிருந்த கல்லுக்குப் பறந்து போய், நிதானமாகக் குடித்தது. யாரும் தடுக்கவில்லை. காலையில் கிசுகிசுத்த சாம்பல் தலைக் குருவி, இன்னும் தாகம் தீராததுபோல் நடித்தபடி வந்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டது.

கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்தன. தாய்க் குருவி அலகில் கொண்டுவந்த தண்ணீரை ஒவ்வொன்றுக்கும் ஊட்டியது. அந்தச் சின்ன அலகுகள் இப்போதே தடித்திருந்தன.

நீதி: ஓர் உறுப்பைப் பார்த்து ஒருவரை இன்னார் என்று முடிவு கட்டாதே, உன்னை அப்படி முடிவு கட்டினால் அடங்கிப் போகாதே.