பின்கட்டில் ஒரு கட்டில்

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாந்தரூபி என்ற துறவி ஒரு மடத்தையும் அதை ஒட்டி ஒரு முதியோர் இல்லத்தையும் நடத்திவந்தார். துறவு கொள்வதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் அம்மா.

அவருடைய சீடர் குலசேகரன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். இல்லத்தின் நிர்வாகம் முழுவதும் அவர் கையில் இருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் அம்மா சொற்பொழிவுகளுக்காக வெளியூர் போனார். போனவர் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இல்லத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாள் காலையில்தான் வந்து சேர்ந்தார்.

குளிக்கக்கூடப் போகவில்லை. நேராகப் பெண்கள் கூடத்துக்குள் நுழைந்து ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே போனார். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. தரையில் கட்டிலை இழுத்த தடம் புதிதாகத் தெரிந்தது.

"பூரணத்தம்மாள் எங்கே?"

குலசேகரன் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். "பின்கட்டில் இருக்கிறார், அம்மா. துணி அடுக்கும் அறையில்."

"ஏன்?"

"முதுகில் படுக்கைப் புண். கொஞ்சம் ஆழமாகிவிட்டது." குரலைத் தாழ்த்தினார். "நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டாள். தேடாத இடமில்லை, ஆள் கிடைக்கவில்லை. இதை அதிகாரி பார்த்தால் உரிமம் போய்விடும். இத்தனை பேரும் நடுத்தெருவுக்கு வருவார்கள். ஒருவரை மறைத்து மற்ற எல்லோரையும் காப்பாற்றப் பார்க்கிறேன். இது தப்பா? நீங்களே சொல்லுங்கள்."

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்குப் போகாமல் பின்கட்டை நோக்கி நடந்தார்.

அதிகாரியின் பெயர் கற்பகவல்லி. அதிகம் பேசாதவர். சமையலறையில் மூடிகளைத் திறந்து பார்த்தார். கழிப்பறையில் கைப்பிடிகளை அசைத்துப் பார்த்தார்.

"நர்ஸ் எங்கே?"

"இன்று விடுப்பு, மேடம்."

"ராத்திரியில் யார் இருப்பார்கள்?"

"ஆள் இருக்கிறது, மேடம்."

கூடத்தின் கோடியில் ஒரு நடை பின்பக்கமாகத் திரும்பியது. கற்பகவல்லி அங்கே நின்றார். "அந்தப் பக்கம் என்ன?"

"துணி வைக்கிற அறை." ஒரு முனகல் கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது. குலசேகரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எந்தச் சத்தமும் வரவில்லை. அதிகாரி திரும்பி நடந்தார்.

அலுவலக அறையில் உட்கார்ந்ததும் அவர் சொன்னார்: "எல்லாம் சரியாக இருக்கிறது. தலைவரைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புகிறேன். கூப்பிடுங்கள்."

குலசேகரன் பின்கட்டுக்கு ஓடினார்.

துணி அறையில் மின்விசிறி இல்லை. பினாயில் வாடையையும் மீறி வேறொரு வாடை அடித்தது. அம்மா கட்டிலின் மறுபக்கம் குனிந்து நின்றிருந்தார். பக்கத்தில் வெந்நீர்ப் பாத்திரம், கிழித்த வெள்ளைத் துணி.

"அம்மா, அதிகாரி காத்திருக்கிறார்."

"இவரும்தான். தோளைப் பிடியுங்கள். ஒற்றை ஆளாகத் திருப்ப முடியவில்லை."

குலசேகரன் பிடித்தார். புண்ணைப் பற்றி ஆயாக்கள் சொல்லி அவர் கேட்டிருந்தாரே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். உள்ளங்கை அகலம் இருந்தது. நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

பூரணத்தம்மாள் கண்ணைத் திறந்தார். "போயிட்டாகளா, ஐயா? நான் மூச்சுக்கூட விடல. நீங்க சொன்ன மாதிரியே பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

அம்மா குலசேகரனைப் பார்க்கவில்லை. துணியைப் பிழிந்து புண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குலசேகரன் அந்தத் தோளை மெல்லத் தலையணையில் சாய்த்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவருடன் கற்பகவல்லி இருந்தார்.

அதிகாரி கட்டிலருகே குனிந்து புண்ணைப் பார்த்தார். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். "நர்ஸ் வரும்வரை புதிதாக ஒருவரையும் சேர்க்கக் கூடாது. பதினைந்து நாளில் மறுபடியும் வருவேன். அப்போதும் இதே நிலை என்றால் இல்லத்தை மூட எழுதிவிடுவேன். இதற்கு வழக்கும் உண்டு." அவர் குரல் உயரவில்லை. "யார் பொறுப்பு? யார் பெயரை எழுதட்டும்?"

குலசேகரன் வாயைத் திறந்தார்.

"சாந்தரூபி" என்றார் அம்மா. "என் பெயரை எழுதுங்கள்."

அன்று மாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, ரத்தத்தில் விஷம் ஏற ஆரம்பித்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கை மீறிப்போயிருக்கும், இனி பிழைத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார். குலசேகரன் சுவரில் சாய்ந்து அழுதார். அம்மா தாழ்வாரத்துக் குழாயில் கை கழுவப் போனார். குலசேகரன் பின்னாலேயே வந்தார்.

"மறைத்தது நான், அம்மா. நீங்கள் ஊரில்கூட இல்லை. பழியை ஏன் உங்கள் மேல் போட்டுக்கொண்டீர்கள்?"

அம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெளியூரிலிருந்து தினமும் போன் செய்தீர்கள். தினமும் பொய் சொன்னேன். நான் சொன்ன பொய்க்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு?"

"போனில் நான் என்ன கேட்பேன்?"

குலசேகரன் யோசித்தார். "'எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க' என்று கேட்பீர்கள்."

அம்மா குழாயை மூடினார்.

"'நல்லாத்தானே' என்று கேட்கிறவளிடம் யார் 'இல்லை' என்பார்கள்?"